முன்னூறு கிலோமீற்றரும் இரண்டு விரல் உயரமும்

1

வதிவிட அட்டை புதுப்பிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்விகளில் நான் மாட்டிக்கொள்வேன். ஒன்று பிறந்த ஊர், மற்றது தொழில்.

பிறந்தது மன்னார், கடவுச்சீட்டு முகவரி புத்தளம். "இடையில் ஏன் மாறினீர்கள்?" என்று குடிவரவு அலுவலகத்துப் பெண் கேட்டாள். மிகவும் மரியாதையான பெண். கேட்டதற்கே மன்னிப்பும் கேட்டாள். தொண்ணூறாம் ஆண்டு எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் எல்லோரையும் ஆயுதம் ஏந்திய இயக்கத்தினர் வெளியேறச் சொன்னார்கள், எனக்கு அப்போது பத்து வயது, வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கினோம் என்று சொல்லிப் பார்த்தேன். என்னுடைய ஜப்பானிய மொழிக்குள் அவ்வளவு கடல் கிடையாது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'வீடு மாறினார்கள்' என்று பதிந்துகொண்டாள்.

அடுத்தது தொழில். அணுவிலும் சிறிய துணிக்கைகளை எண்ணுகிறேன் என்றேன்.

"எங்கே இருக்கின்றன அவை?"

"இப்போதுகூட உங்கள் ஊடாகப் போய்க்கொண்டிருக்கின்றன."

அவள் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு, தன் கதிரையைச் சற்று ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள். வழியில் உட்கார்ந்துவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

இந்த முறை அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது பொழுது பட்டுவிட்டது. ரயில் மேடைக்கு மேற்கே, மின்கம்பிகளுக்குக் கீழே, மெல்லிய பிறையொன்று நின்றது. கையை நீட்டி விரல்களால் அதன் உயரத்தை அளந்தேன். பக்கத்தில் நின்றவர் நான் யாருக்கோ கை காட்டுகிறேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். ஊரிலுள்ளவர்களுக்கு இந்தக் கதையை எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

2

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கேட்கிறீர்கள். ஒழுங்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது ஜப்பானின் கிழக்குக் கரையில். இங்கே ஒரு பெரிய இயந்திரத்தில் புரோத்தன்களை வேகமாக்கி, பென்சிலுக்குள் இருக்கும் காரீயத்தாலான கோல் ஒன்றின்மேல் அடிக்கிறார்கள். அதிலிருந்து தெறிப்பவை சிதைந்து நியூத்திரினோக்களாகின்றன. நியூத்திரினோவில் மூன்று வகை உண்டு. இங்கிருந்து புறப்படுபவை ஏறக்குறைய எல்லாம் மியூவன் வகை. அவற்றை மேற்கே முன்னூறு கிலோமீற்றர் அளவு தூரத்தில், ஒரு மலையின் வயிற்றுக்குள் இருக்கும் பென்னம்பெரிய தண்ணீர்த் தாங்கிக்கு அனுப்புகிறோம். குழாயும் இல்லை, சுரங்கமும் இல்லை. நிலத்துக்குள்ளால் போகின்றன. பாறையை அவை பொருட்படுத்துவதில்லை.

அங்கே போய்ச் சேர்ந்தவற்றைப் பார்த்தால் மியூவன் வகை குறைந்திருக்கும். மிகச் சில, இலத்திரன் வகையாக மாறி நிற்கும். மற்றவை மூன்றாவது வகையாகிவிடும், அதைப் பிடிப்பது கஷ்டம். வழியில் அவற்றை யாரும் தொடவில்லை. எத்தனை மாறும் என்பது போன தூரத்தையும் ஒவ்வொன்றின் சக்தியையும் பொறுத்தது. இன்னும் தூரம் போக விட்டால் பழைய வகைக்குத் திரும்பியும் வரும். அதனால்தான் இதை அலைவு என்கிறோம். திணிவே இல்லாத ஒன்று இப்படி அலையாது. ஆக நியூத்திரினோவுக்கு மிகச் சிறியதென்றாலும் ஒரு திணிவு உண்டு. எவ்வளவு அலைகிறது என்று அளப்பதுதான் எங்கள் எல்லோருடைய பிழைப்பும்.

என் வேலை மலையில் இல்லை. புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய கருவியில். போக முன்னர் எத்தனை, எந்த வகை என்று பார்த்து வைப்பது. அது தெரியாமல் அங்கே குறைந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

மலைக்குள் இருக்கும் தாங்கியில் எப்போதாவது ஒரு நியூத்திரினோ தண்ணீரில் மோதும். மோதினால் சுவரில் ஓர் ஒளி வளையம் விழும். ஓரம் கூர்மையாக இருந்தால் மியூவன். ஓரம் பஞ்சு பிய்த்தது போலிருந்தால் இலத்திரன். தொல்லை என்னவென்றால், வேறொரு துணிக்கை இரண்டு வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டு இலத்திரன் மாதிரி வேஷம் கட்டும். ஆசைப்பட்டுப் பார்க்கிறவனுக்கு எல்லாமே இலத்திரனாகத்தான் தெரியும்.

ஆகவே எங்களிடம் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அது முடியும்வரை உண்மையான விடை மூடியே இருக்கும், யாரும் பார்க்கக்கூடாது. பார்த்த பிறகு விதியை மாற்றவும் கூடாது. ஐந்நூறு பேர் வேலை செய்யும் குழுவில் இதற்காக நடக்கும் சண்டைகளைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் கூட்டம் மிகவும் அமைதியானது.

3

வாப்பா மன்னாரில் மீன் பிடித்தவர். புத்தளத்துக்கு வந்தபின் கண்டக்குழியில் மற்றவர்களின் வள்ளங்களில் போனார். எத்தாளையில் வீடு கட்டினோம். சண்டை முடிந்து பாதை திறந்ததும் மன்னாருக்கு ஒரு தடவை போய் எங்கள் பழைய வீட்டு வளவைப் பார்த்துவிட்டு வந்தார். "காடாக் கிடக்கு" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதை இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எனக்கு அழைப்பு எடுப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான், நான் தேடும் துணிக்கை அகப்பட்டதா என்று.

"உன்ட சாமான் ஆம்பிட்டிச்சா?"

ஆம்பிட்டிச்சு வாப்பா, ஆனால் உறுதியாகச் சொல்ல இன்னும் வேண்டும் என்பேன். "ம்... வலையில பட்டா மட்டும் காணாது. கரைக்கு வரணும்" என்பார். கடல் வேலையை விட்டவருக்கு என் வேலை ஒரு பொழுதுபோக்காகிவிட்டது.

அலைவைப் பற்றி ஒருநாள் விளங்கப்படுத்தினேன். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் வேலை செய்யும் என் தம்பி நிசாம் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, "பொறப்படக்குள்ள ஒண்டு, போய்ச் சேரக்குள்ள வேறொண்டு. நம்ம கதைதான் ராத்தா" என்றான்.

வாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க எங்கடா மாறின? நாங்க அப்பிடியேதான் இரிக்கிறோம். பதியிற இடம்தான் மாறிச்சி."

நோன்பு இருபத்தொன்பதாம் நாள் அந்தியில் பிறை பார்க்கக் கண்டக்குழிக் கடற்கரைக்குப் போவது வாப்பாவின் வழக்கம். பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பு. வந்த வருடத்திலிருந்து போகிறார். கூடவே பாறூக் நானாவும் இன்னொருவரும், இருவரும் கண்டக்குழி ஆட்கள். இத்தனை வருடத்தில் வாப்பா தனியாக ஒரு பிறையும் கண்டதில்லை. மற்றவர்கள் கண்டால் "ஓம்" என்பார், இல்லாவிட்டால் கஞ்சிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். ஊரில் அவர் இன்றும் 'மன்னார் ஆள்'தான். அதைப் பற்றி அவர் அலட்டிக்கொண்டதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

4

இரண்டு வருடங்களுக்கு முந்திய நோன்பில் வாப்பா பிறையைக் கண்டார். அவர் மட்டும் கண்டார்.

ஆடி மாதம், தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று. அந்தக் காற்றுக்காகவே வெள்ளைக்காரர்கள் கண்டக்குழிக்கு வருவார்கள். பட்டத்தை இடுப்பில் கொளுவிக்கொண்டு, பலகையில் நின்று தண்ணீரின்மேல் ஓடுவார்கள். சிறுபிள்ளைகள் விடும் பட்டமல்ல இது. தேங்காய்ச் சொட்டுப் போல வளைந்திருக்கும். பொழுது சாயும் நேரம் தூரத்தில் ஒரு வெள்ளைப் பட்டம் தனியாக நின்றால் எதைப் போலத் தோன்றும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பள்ளிவாசலில் வாப்பாவை உட்கார வைத்து விசாரித்ததை நிசாம் எனக்குச் சொன்னான். மௌலவி ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறார். பொழுது விழுந்த இடத்துக்கு எந்தப் பக்கம்? எவ்வளவு உயரம்? கொம்பு எங்கே பார்த்தது? எவ்வளவு நேரம் நின்றது? எங்கள் குழுவில் ஒரு வளையத்தைப் பற்றி இதைவிடக் குறைவாகக் கேட்டுவிட்டு ஏற்றுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும். கூடப் போன பாறூக் நானாவும் மற்றவரும் தாங்கள் காணவில்லை என்றார்கள். டிரஸ்டிகளில் ஒருவர், வாப்பாவின் வலக்கண்ணில் வெண்புரை எடுத்து லென்ஸ் வைத்திருப்பதை ஞாபகப்படுத்தினார். "புது லென்ஸில வெளிச்சம் தெறிச்சிருக்கும். இல்லாட்டி வெள்ளைக்காரன்ட பட்டம்" என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மன்னார் ஆள் நோன்பைச் சுருக்கப் பார்க்கிறார் என்று யாரோ பகிடி விட்டிருக்கிறார்கள். நாட்டில் வேறெங்கும் பிறை தென்படவில்லை. நோன்பு முப்பது என்று அறிவித்துவிட்டார்கள்.

வாப்பா எழும்பவில்லை. மௌலவியிடம் கேட்டிருக்கிறார். "நீங்க எடுக்கல்ல, சரி. நான் கண்டேன். நான் என்ன செய்ற?"

மௌலவி சொன்ன சட்டம் இது. கண்டது உறுதியென்றால் அவருக்கு நாளைக்குப் பெருநாள், நோன்பு பிடிக்கக்கூடாது. ஆனால் ஊர் நோன்போடு இருக்கும்போது ஆள் முன்னால் சாப்பிடவும் கூடாது. மறைவாகச் சாப்பிட வேண்டும். கண்டது உறுதியில்லை என்றால் ஊரோடு நோன்பு பிடிக்க வேண்டும்.

மறுநாள் அங்கே விடிய முன்னர் நோன்புக்குச் சாப்பிடும் சஹர் நேரம், இங்கே காலை ஏழரை. மகள் சஹ்லா பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது.

"மகள், ஊருக்கு நான் சொல்லிட்டேன், அது முடிஞ்சிது. இப்ப எனக்குத்தான் தெரியணும். நான் கண்டது பிறையா, பட்டமா?"

"வாப்பா, நான் கணக்கப் பார்க்க முந்தி நீங்க சொல்லுங்க. எந்தப் பக்கம்?"

"பொழுது விழுந்த இடத்துக்கு இடப்பக்கம்."

"உயரம்?"

"கைய நீட்டிப் பிடிச்சா தண்ணிக்கு மேல ரெண்டு விரல்."

"கொம்பு?"

"மேல. வள்ளம் மாதிரி. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ஞ்சு."

அதற்குப் பிறகுதான் கணினியைத் திறந்தேன். கண்டக்குழி, நேற்று அந்தி, சந்திரன். திகதியை மூன்று தடவை சரிபார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஐந்நூறு பேர் சுற்றி நின்று விடையைத் திறந்த நாளில்கூட அவ்வளவு தடவை சரிபார்க்கவில்லை.

"பக்கம் சரி வாப்பா. உயரம் சரி. கொம்பும் சரி."

மறுபக்கத்தில் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"ஆனா அவ்வளவு மெல்லிய பிறை வெறுங்கண்ணுக்குத் தெரியாதெண்டுதான் கணக்குச் சொல்லுது."

"எனக்குத் தெரிஞ்சிச்சே."

கணக்கை இன்னொரு தடவை போட்டேன், அதே விடைதான் வந்தது.

"அப்ப நீ என்ன சொல்ற? ஓமா, இல்லையா?"

"ஓமெண்டும் சொல்ல ஏலாது வாப்பா. இல்லையெண்டும் சொல்ல ஏலாது."

"மௌலவியும் இதைத்தான் சொன்னார். அவர் ஜப்பானுக்குப் போகாமலே சொன்னார்."

பிறகு அவரே, "நீ காணல்லத்தானே. காணாததுக்குச் சாட்சி சொல்லக்கூடாது. சரி" என்றார். "உம்மா சோறு போட்டுட்டா. பாங்கு சொல்லப் போறாங்க." வைத்துவிட்டார்.

5

பெருநாள் அன்று அழைத்தேன். முந்தின நாள் நோன்பா என்று கேட்டேன். "பெருநாள்ல கேக்கிற கேள்வியா இது? புள்ளைக்கு உடுப்பு எடுத்தியா?" என்றார். உம்மாவிடம் கேட்டேன். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தாராம், கைவைக்காமல் எழும்பினாராம். அதற்குப் பிறகு நாள் முழுக்க ஆளைக் காணவில்லையாம். "திண்டாரா இல்லையா எனக்குத் தெரியா. கேட்டா ஏசுவார்."

அடுத்த வெள்ளிக்கிழமை அழைப்பு வந்தது. மழை, மீன் விலை, நிசாமின் வேலைநேரம் எல்லாம் கதைத்தார். சாமான் ஆம்பிட்டிச்சா என்று கேட்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் கேட்கவில்லை. நானாகச் சொல்லப் போனால், "நல்லம் நல்லம்" என்று உம்மாவிடம் தொலைபேசியைக் கொடுத்துவிடுவார்.

அது எனக்கு வலித்தது. ஊரே சிரித்த இடத்தில் அவர் கேட்டது ஒரேயொரு ஆளிடம். அந்த ஆள் உண்மையைச் சொன்னாள். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் வேலையிடத்தில் என்னோடு வாய் திறக்க எல்லோரும் பயந்தார்கள்.

இதற்கிடையில் சஹ்லா வளர்ந்துகொண்டிருந்தாள். தமிழில் கேட்டால் ஜப்பானிய மொழியில் பதில் சொல்வாள். ஏன் என்றால், அது வேகமாக வருகிறதாம். அவளுடைய தமிழில் எதற்கும் ஒரு 'தயவுசெய்து' இருக்கும். "உம்மா, தயவுசெய்து பசிக்கிறது" என்பாள். பழைய வாகனங்களை ஊருக்கு ஏற்றுமதி செய்யும் கம்பனியில் வேலை செய்யும் அவளுடைய வாப்பா, பிள்ளை என்னவோ மரியாதையாக இருக்கிறதே என்று சமாதானம் சொல்வார். மூத்தாப்பாவோடு, அதாவது என் வாப்பாவோடு, அவள் கதைப்பது ஒரு நிமிடம்தான். அவர் "சாப்பிட்டியா?" என்பார், அவள் "ஓம்" என்பாள். இரண்டு பேருக்கும் அத்தோடு சரக்கு முடிந்துவிடும்.

6

போன வருடம் நோன்பின் கடைசிப் பத்து நாளுக்கு லீவு எடுத்துக்கொண்டு சஹ்லாவோடு ஊருக்குப் போனேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடம்தான் எல்லா நோன்பும் பிடிக்கிறேன் என்று நின்றாள்.

இருபத்தொன்பதாம் நாள் அந்தி நாங்கள் இருவரும் வாப்பாவோடு கண்டக்குழிக்குப் போனோம். நான் கணக்கைத் திறந்து பார்க்காமல் போனேன். பாறூக் நானா முன்னமே வந்து மணலில் பாய் விரித்திருந்தார். "மகள் வந்திரிக்கிறா, இண்டைக்கு சந்திரன் ஒளிக்க ஏலாது" என்றார். வாப்பா சிரிக்கவில்லை. கரையில் பட்டங்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேற்கே நல்ல முகில். பொழுது முகிலுக்குள்ளேயே விழுந்தது. பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்தோம், கஞ்சி குடித்தோம், எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

நான் போத்தலை மூடக் குனிந்த நேரம் சஹ்லா என் கையைப் பிடித்து இழுத்தாள். நிமிர்ந்தேன். முகிலில் ஒரு வெடிப்பு இருந்தது, நான் பார்க்கும்போதே அது மூடிக்கொண்டது.

"பிறை" என்றாள். "இருந்தது. தயவுசெய்து, இருந்தது."

பாறூக் நானா, "பட்டமா இரிக்கும் புள்ள" என்றார்.

வாப்பா அவளைத் தன் முன்னால் உட்கார வைத்தார். மௌலவி அவரைக் கேட்ட அதே கேள்விகளை, அதே ஒழுங்கில் கேட்டார். எந்தப் பக்கம்? அவள் கையைக் காட்டினாள். எவ்வளவு உயரம்? கையை நீட்டி மூன்று விரலை வைத்தாள், யோசித்தாள், ஒன்றை மடக்கினாள். கொம்பு? தமிழில் சொல் வரவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து வள்ளம்போலப் பிடித்து, இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்தாள்.

வாப்பா அந்தக் கைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கண்டியா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல வாப்பா."

"நானும் காணல்ல" என்றார். அவர் கண்டேன் என்று சொல்லியிருந்தால் பள்ளிவாசலில் அதை விசாரித்தாவது இருப்பார்கள். தன்னோடு இன்னொருவர் 'நானும் கண்டேன்' என்று சொல்வதற்கு ஒரு வருடமாக அவர் எவ்வளவு ஏங்கியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சின்னப் பிள்ளையின் சாட்சியை யாரும் எடுக்கவும் இல்லை. நோன்பு முப்பது என்று அறிவித்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். சஹ்லாவை வீட்டில் காணவில்லை. வாப்பாவும் இல்லை. வளவின் பின்பக்கம் பழைய வலைகள் போட்டு வைக்கும் கொட்டில் ஒன்று இருக்கிறது. அங்கே யாரும் போவதில்லை. பிளாஸ்டிக் மணமும் மீன் மணமும் மூக்கை அடைக்கும். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே வாப்பாவின் குரல் கேட்டது.

"நல்லாத் தின்னு. பெருநாள்ல பசியோட இரிக்கக்கூடாது. இஞ்ச ஒருத்தரும் வரமாட்டாங்க, எனக்குத் தெரியும். நான் போன வருசம் இதிலதான் தனிய இரிந்து திண்டேன். தொண்டையில இறங்கல்ல. தனிய இரிந்தா அப்பிடித்தான். அதுதான் உனக்குத் துணைக்கு இரிக்கிறேன்."

கதவைத் தள்ளினேன். வலைக் குவியலின்மேல் சஹ்லா காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் பாணும் சீனிச்சம்பலும், பக்கத்தில் ஒரு வாழைப்பழமும் இருந்தன. எதிரே சாக்கின்மேல் வாப்பா இருந்தார். அவர் முன்னால் ஒன்றும் இல்லை. உதடு காய்ந்திருந்தது. அவர் நோன்பு.

சஹ்லா வாய் நிறையப் பாணோடு என்னைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினாள். பள்ளிக்கூடத்தில் பிடிபட்டால் அப்படித்தான் செய்ய வேண்டுமாம்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். உள்ளே போய் வாப்பாவின் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது.

"என்ன பார்த்துக்கொண்டு நிக்கிற?" என்றார் வாப்பா. "நீ காணல்லத்தானே? நீ நோன்பு. வெளியால போ, கதவச் சாத்து."

சாத்தப் போனேன்.

"மகள்."

"என்ன வாப்பா?"

"உன்ட சாமான் ஆம்பிட்டிச்சா?"